கோடைக்கு ஒரு பெட்ரோல்! குளிருக்கு ஒரு பெட்ரோல்!

அமெரிக்காவின் வடக்குக் கோடியில் மின்னசோட்டா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. கனடா நாட்டை ஒட்டிய பகுதி அது.

அங்கே ஜனவரி மாதம் வந்து விட்டால் ஏரிகள் உறைந்து போகும். எவ்வளவு கெட்டியாக உறையும் தெரியுமா? ஏரியின் மேலேயே காரை ஓட்டிச் செல்வார்கள்! நடு ஏரியில் காரை நிறுத்துவார்கள். பனிக்கட்டியில் துளை போட்டு, தூண்டிலை இறக்கி மீன் பிடிப்பார்கள்.

அந்த ஊரில் கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு சந்தேகம் வரும்.

கோடையில் ஒரு காலன் பெட்ரோலுக்கு 25 மைல் ஓடிய கார், குளிர்காலத்தில் 21 மைல்தான் ஓடுகிறது. அதே கார். அதே டிரைவர். பெட்ரோல் போடுவதும் அதே பங்க்கில்தான். பிறகு ஏன் இந்தக் குறைவு?

"காரில் ஏதோ கோளாறு" என்று ஒருவர் சொல்வார். "பங்க்காரன் எதையோ கலந்து விற்கிறான்" என்பார் இன்னொருவர்.

கலப்பது உண்மைதான்! ஆனால் கலப்பவர் பங்க்காரர் அல்ல. பெட்ரோல் தயாரிக்கும் ஆலையிலேயே கலக்கிறார்கள். ஒளிவு மறைவு இல்லாமல், சட்டத்துக்கு உட்பட்டுக் கலக்கிறார்கள். கோடையில் விற்கும் பெட்ரோல் வேறு. குளிர்காலத்தில் விற்கும் பெட்ரோல் வேறு!

அப்படியானால் கார் குறைவாக ஓடுவதற்கு அந்தப் பெட்ரோல்தான் காரணமா? இங்கேதான் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள்.

பல சரக்கு

பெட்ரோல் என்பது தண்ணீரைப் போலத் தனி ஒரு பொருள் அல்ல. கறி மசாலாப் பொடியில் மல்லி, மிளகாய், சீரகம், மிளகு என்று பல சரக்குகள் இருக்கின்றன அல்லவா? பெட்ரோலிலும் அப்படித்தான். நூற்றுக்கணக்கான எண்ணெய்ச் சரக்குகள் அதில் கலந்து இருக்கின்றன.

அவற்றில் சில இலேசானவை. திறந்து வைத்த உடனே ஆவியாகப் பறந்து விடும். சில கனமானவை. நல்ல சூடு இருந்தால்தான் ஆவியாகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கார் என்ஜினில் எரிவது பெட்ரோல் திரவம் அல்ல. அதன் ஆவிதான் எரிகிறது! பெட்ரோல் ஆவியாகி, காற்றோடு கலந்து, அதில் தீப்பொறி பட்டால்தான் என்ஜின் ஓடும்.

வெயில் காலத்தில் ஆவிக்குப் பஞ்சம் இல்லை. குளிரில்தான் தொல்லை. பங்குனி வெயிலில் அரை மணி நேரத்தில் காய்கிற வேட்டி, ஐப்பசி அடைமழையில் இரண்டு நாள் ஆனாலும் காய்வதில்லை. ஈரம் ஆவியாக மறுக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 டிகிரி என்று குளிர் இறங்கும் மின்னசோட்டாவில் பெட்ரோலின் நிலையும் இதுதான். காலையில் சாவியைத் திருப்பினால் என்ஜின் முனகும்; புறப்படாது.

இதற்காக, எளிதில் ஆவியாகும் சரக்கு ஒன்றைக் குளிர்காலப் பெட்ரோலில் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அதன் பெயர் பியூட்டேன்.

அடுப்பங்கரைச் சரக்கு!

பியூட்டேன் என்றதும் புதிய பொருளோ என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுச் சமையல் கியாஸ் சிலிண்டரில் இருப்பதும் அதுதான். பியூட்டேனும் புரப்பேனும் கலந்ததே சமையல் கியாஸ். சிகரெட் லைட்டரில் 'சலசல' என்று ஆடுவதும் பியூட்டேனே.

தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கும். பியூட்டேனோ, தண்ணீர் பனிக்கட்டியாக உறைகிற குளிரிலேயே கொதித்து ஆவியாகி விடும்! அவ்வளவு அவசரக்காரச் சரக்கு.

'ஆவியாகிற பொருளைப் பெட்ரோலில் எப்படிக் கலக்க முடியும்?' என்று கேட்கலாம். கோலி சோடாவை நினைத்துக் கொள்ளுங்கள். தண்ணீருக்குள் கியாஸ் அடங்கி இருக்கிறது. கோலியைத் தட்டியதும் 'புஸ்' என்று கிளம்புகிறது. பெட்ரோலுக்குள் பியூட்டேனும் அப்படி அடங்கி இருக்கும். கோடைப் பெட்ரோலில் இது மிகக் குறைவு. கடுங்குளிர் காலத்துப் பெட்ரோலில் பத்தில் ஒரு பங்கு வரை கூட இருக்கும்.

(அமெரிக்கர்கள் பெட்ரோலைக் 'கியாஸ்' என்றுதான் சொல்வார்கள். கேசோலின் என்ற பெயரின் சுருக்கம் அது. குளிர்காலத்தில் அந்தப் பெயர் ஓரளவு பொருந்தியும் விடுகிறது!)

பெட்ரோல் எவ்வளவு வேகமாக ஆவியாகும் என்பதை அளக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மூடிய பாத்திரத்தில் பெட்ரோலை ஊற்றி, 100 டிகிரி பாரன்ஹீட் வரை சூடாக்குகிறார்கள். கிளம்புகிற ஆவி பாத்திரத்தை எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்று பார்க்கிறார்கள். இட்லிப் பானையின் மூடியை ஆவி தூக்குகிறதே, அந்தப் பலம்தான்.

கோடைப் பெட்ரோலில் அந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்குப் பொதுவாக 9 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். வடக்கு மாகாணங்களின் நடுக்குளிர்காலத்தில் 15 பவுண்டு வரை விடுவார்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமே 14.7 பவுண்டுதான். ஆகவே 15 பவுண்டு பெட்ரோலைச் சித்திரை வெயிலில் திறந்து வைத்தால், அடுப்பு இல்லாமலே கொதிக்கத் தொடங்கி விடும்!

ஒரு படி அரிசி, ஒரு படி பொரி

குளிர்காலப் பெட்ரோலால் மைல் குறைவது எப்படி?

ஒரு படி அரிசியும் ஒரு படிதான். ஒரு படி பொரியும் ஒரு படிதான். ஆனால் வயிறு நிறைவது எதனால்? பொரி இலேசு. படிக் கணக்கில் வாங்கினால் பொரியில் சத்து குறைவு.

பியூட்டேன் பொரியைப் போன்றது. பெட்ரோலைவிட இலேசு. ஒரு காலன் பியூட்டேனில் உள்ள வெப்பச் சக்தி, ஒரு காலன் பெட்ரோலில் உள்ளதைவிடக் குறைவு. பெட்ரோலை எடை போட்டு விற்பதில்லை. காலன் கணக்கில் அளந்துதான் விற்கிறார்கள். ஆகவே பியூட்டேன் கூடக் கூட, அதே காலனில் அடங்கும் சக்தி குறைகிறது. அரிசிப் படியில் ஒரு பிடி பொரி சேர்த்த கதைதான்.

அந்தப் பிடி எவ்வளவு பெரியது? அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா இதற்குக் கணக்குச் சொல்லி இருக்கிறது. சாதாரணக் கோடைப் பெட்ரோலில், குளிர்காலப் பெட்ரோலைவிட 1.7 சதவீதம் சக்தி அதிகம். அவ்வளவுதான்!

25 மைல் ஓடுகிற காருக்கு இது அரை மைல் கூட இல்லை. 12 காலன் பெட்ரோல் போட்டு 300 மைல் போகிற குடும்பம், பெட்ரோல் மாறியதால் இழப்பது சுமார் 5 மைல்.

(அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் இருக்கிறது. அதனால் கார் ஓடும் தூரம் சுமார் 3 சதவீதம் குறையும். ஆனால் அது ஆண்டு முழுவதும் இருக்கிற குறைவு. கோடை, குளிர் என்ற வித்தியாசம் அதற்குக் கிடையாது.)

அப்படியானால் 25 மைல் எப்படி 21 மைல் ஆயிற்று? மீதியைத் திருடியது யார்?

உண்மையான திருடன்

குளிர்தான் அந்தத் திருடன்!

அமெரிக்க எரிசக்தி இலாகாவும் சுற்றுச்சூழல் இலாகாவும் சேர்ந்து கார்களின் பெட்ரோல் செலவு பற்றிப் பொதுமக்களுக்கு விவரம் தருகின்றன. 77 டிகிரி பாரன்ஹீட்டில், அதாவது நமது கணக்கில் 25 டிகிரியில், நகரத்துக்குள் ஓடும் காரை எடுத்துக் கொள்வோம். அதே கார் 20 டிகிரி பாரன்ஹீட் குளிரில், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரியில் ஓடினால், மைல் கணக்கு சுமார் 15 சதவீதம் குறைகிறது. கடைக்குப் போய் வருவது போல 3 மைல், 4 மைல் தூரமே ஓட்டினால் 24 சதவீதம் வரை கூடக் குறையும்!

300 மைலில் 15 சதவீதம் 45 மைல். அதில் பெட்ரோலின் பங்கு 5 மைல். மற்றதெல்லாம் குளிரின் வேலை.

குளிர் ஒரே வழியாக வந்து திருடுவதில்லை. பல வாசல் வழியாக வருகிறது.

முதலில் என்ஜின் ஆயில். நம் ஊரிலேயே மார்கழி மாதம் தேங்காய் எண்ணெய் உறைந்து விடுகிறது. வெயிலில் வைத்துத்தான் தலைக்குத் தேய்க்கிறோம். மின்னசோட்டாக் குளிரில் என்ஜின் ஆயில் என்ன பாடுபடும்! கூழ் போலக் கெட்டியாகும். சக்கரங்களைச் சுழற்றுகிற பற்சக்கரப் பெட்டியின் எண்ணெயும் அப்படியே. அந்தக் கெட்டி எண்ணெயைக் கலக்கிக் கொண்டு சுழல்வதற்கே என்ஜினின் சக்தியில் ஒரு பகுதி போய் விடும். என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் எண்ணெய் இளகும். பக்கத்துக் கடைக்குப் போகிறவரின் என்ஜின் சூடேறுவதற்குள் கடையே வந்து விடும்! திரும்பி வரும்போது மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். சின்னப் பயணங்களில் நஷ்டம் அதிகமாவது இதனால்தான்.

குளிர்ந்த என்ஜினுக்குப் பசியும் அதிகம். ஊற்றிய பெட்ரோல் எல்லாம் ஆவியாகாததால், புறப்படும்போது வழக்கத்தைவிடக் கூடுதலாக ஊற்ற வேண்டி இருக்கிறது. பழைய கார்களில் டிரைவர் 'சோக்' குமிழை இழுப்பார். இப்போதைய கார்களில் உள்ளே இருக்கும் மின்னணுக் கருவியே கணக்குப் பார்த்து ஊற்றி விடுகிறது.

டயரிலும் திருட்டு உண்டு. 10 டிகிரி பாரன்ஹீட் குளிர் கூடினால், டயரில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பவுண்டு குறையும். கோடையில் காற்று அடித்து விட்டு அப்படியே விட்டவரின் டயரில், குளிர்காலத்தில் 5 பவுண்டு குறைந்திருக்கும். காற்று குறைந்த சைக்கிளை மிதித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வெளிக் காற்றும் குளிரில் கனத்து விடுகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரி காற்று, 25 டிகிரி காற்றைவிட எட்டில் ஒரு பங்கு அதிகக் கனம். வேகமாகச் செல்லும் கார் அந்தக் கனத்த காற்றைக் கிழித்துக் கொண்டு போக வேண்டும்.

இவை போதாதென்று காருக்குள் இருப்பவர்களுக்குச் சூடு வேண்டும். கண்ணாடியில் படியும் பனி உருக வேண்டும். இருக்கையைக் கூடச் சூடாக்குகிறார்கள். பாட்டரி இவ்வளவுக்கும் ஈடு கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வீண்செலவு, மனிதர்களே செய்வது. காலையில் காரை 'ஸ்டார்ட்' செய்து வாசலில் நிறுத்தி விட்டு, உள்ளே போய்க் காப்பி குடிப்பார்கள். கார் உறுமிக் கொண்டே நிற்கும். நிற்கிற கார் ஒரு காலனுக்கு எத்தனை மைல் ஓடும்? பூஜ்யம் மைல்! அரை நிமிடம் போதும், பிறகு மெதுவாக ஓட்டிக் கொண்டே போனால் என்ஜின் விரைவில் சூடேறும் என்று இலாகா சொல்கிறது. காப்பி குடிப்பவர்கள் கேட்டால்தானே!

மூக்கில் ஒயர் தொங்கும் கார்

வடக்கு மாகாணங்களில் சில கார்களின் முன்பக்கத்தில் ஒரு மின்சார ஒயர் தொங்கும். புதிதாகப் பார்ப்பவர்கள், 'பெட்ரோல் காருக்கு எதற்கு மின்சாரம்?' என்று திகைப்பார்கள்.

இரவில் அந்த ஒயரை வீட்டு மின்சாரத்தில் சொருகி விடுவார்கள். என்ஜினுக்குள் உள்ள சிறிய ஹீட்டர் இரவு முழுவதும் இதமான சூடு கொடுக்கும். காலையில் என்ஜின் உடனே கிளம்பும். பெட்ரோலும் மிச்சமாகும். வடக்கு டகோட்டா மாகாணத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிரீமன் என்பவர் இத்தகைய ஹீட்டர் ஒன்றைச் செய்து, 1949-ம் ஆண்டில் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். கனடாவில் வின்னிபெக் போன்ற நகரங்களில், கார் நிறுத்தும் இடங்களிலேயே மின்சார இணைப்பு வைத்திருக்கிறார்கள்.

மலிவுச் சரக்கை ஏன் விட்டார்கள்?

இப்போது வேறொரு கேள்வி. பியூட்டேன் மலிவான சரக்கு. பெட்ரோலைவிட விலை குறைவு. சக்தியில் வித்தியாசமோ 1.7 சதவீதம்தான். அப்படியானால் கோடையிலும் அதையே கலந்து மலிவாக விற்கலாமே?

விற்றார்கள். பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. அதன் பலனை அனுபவித்தவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மக்கள்.

1943-ம் ஆண்டு ஜூலை மாதம். உலக யுத்தம் நடந்து கொண்டிருந்த நேரம். ஒரு நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைப் புகை மூடியது. மூன்று தெருவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. மக்களுக்குக் கண் எரிந்தது, நீர் வழிந்தது, தொண்டை கமறியது. 'ஜப்பான்காரன் விஷப் புகையை ஏவி விட்டான்!' என்று கூடச் சிலர் பயந்தார்கள்.

ஜப்பான்காரன் யாரும் வரவில்லை. ஆனால் புகை திரும்பத் திரும்ப வந்தது. வெயில் நன்றாகக் காயும் நாட்களில்தான் அதிகமாக வந்தது. ஆலைகளை மூடிப் பார்த்தார்கள். குப்பை எரிப்பதைத் தடுத்தார்கள். புகை போகவில்லை.

மர்மத்தைக் கண்டுபிடித்தவர் ஹாகன்ஸ்மித் என்ற விஞ்ஞானி. ஹாலந்து நாட்டில் பிறந்தவர். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் வேலை பார்த்தார். அவர் அப்போது ஆராய்ந்து கொண்டிருந்தது அன்னாசிப் பழத்தை! பழத்துக்கு அந்த மணம் எதனால் வருகிறது என்று, அதன் ஆவியைப் பிடித்து ஆராய்ந்தார்.

'பழத்தின் மணத்தை ஆராயும் கருவியால் ஊரின் நாற்றத்தை ஆராய முடியாதா?' ஊர்க் காற்றைப் பிடித்தார். ஆராய்ந்தார். 1950-ம் ஆண்டை ஒட்டி உண்மை வெளியாயிற்று.

கார்களில் இருந்தும் எண்ணெய் ஆலைகளில் இருந்தும் கிளம்பும் பெட்ரோல் ஆவி, எரிந்த புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடு கியாசுடன் சேருகிறது. அதன்மேல் வெயில் படுகிறது. உடனே ஓசோன் என்ற காரமான கியாஸ் உண்டாகிறது. ஓசோன் வானத்தின் உச்சியில் இருந்தால் நமக்குக் குடை. மூக்கின் அருகில் இருந்தால் பகை! நுரையீரலை அரிக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மூச்சுத் திணறும்.

கார்க் கம்பெனிகளும் எண்ணெய்க் கம்பெனிகளும் இதை எளிதில் ஒப்புக் கொள்ளவில்லை. ஹாகன்ஸ்மித் விடவில்லை. பின்னர் கலிபோர்னியா மாகாணம் காற்றைப் பாதுகாக்க ஒரு வாரியம் அமைத்தபோது, அவரே அதன் முதல் தலைவர் ஆனார்.

பெட்ரோல் ஆவிதான் எதிரி என்று தெரிந்த பிறகு, கோடை வெயிலில் பியூட்டேன் நிறைந்த பெட்ரோலை விற்பது எப்படி நியாயம் ஆகும்? மலிவு என்பதற்காக ஊரையே மூச்சு முட்டச் செய்யலாமா?

நடுவழியில் நிற்கும் வண்டி

டிரைவர்களுக்கும் கோடையில் சீக்கிரம் ஆவியாகும் பெட்ரோல் என்றால் பிடிக்காது.

பழைய கார்களில் பெட்ரோல் குழாய் சூடான என்ஜினை ஒட்டிச் செல்லும். வெயில் கடுமையாக இருந்தால் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் கொதித்து, ஆவி அடைத்துக் கொள்ளும். பெட்ரோல் வராது. என்ஜின் நின்று விடும். அமெரிக்கர்கள் அந்தக் குழாயில், துணி காயப் போடும் மரக் கிளிப்புகளை வரிசையாக மாட்டி வைப்பார்கள். சூடு ஏறாமல் தடுக்குமாம்! பலன் இருந்ததோ இல்லையோ, மாட்டியவர்களுக்கு மனத் திருப்தி.

நம் ஊர் டிரைவர்கள் கெட்டிக்காரர்கள். கோடையில் ஊட்டி மலை ஏறும் அம்பாசிடர் கார் நின்று விட்டால், பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பி விடும். துணி காயும்போது சூட்டையும் எடுத்துக் கொண்டு போகிறது. நல்ல விஞ்ஞானம்தான்!

இப்போதைய கார்களில் பம்ப் பெட்ரோல் டாங்கிக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து அழுத்தமாகத் தள்ளி விடுவதால் இந்தத் தொல்லை அநேகமாக மறைந்து விட்டது. என்றாலும் இந்தியாவிலும் பெட்ரோல் குழாயில் ஆவி அடைப்பதைக் கணக்கில் எடுத்து, தர விதிகளில் கோடை மாதங்களுக்கு ஓர் அளவும் மற்ற மாதங்களுக்கு வேறோர் அளவும் வைத்திருக்கிறார்கள். ஆனால் மின்னசோட்டாவைப் போலக் குளிர் நமக்கு ஏது? அதனால் சென்னையிலோ மதுரையிலோ கார் வைத்திருப்பவர்கள் பருவம் மாறியதை மைல் கணக்கில் உணர்வதில்லை.

சட்டம் வந்தது

அமெரிக்கா முழுவதற்குமாகக் கோடைப் பெட்ரோலின் ஆவி அழுத்தத்துக்கு 1989-ம் ஆண்டில் அரசாங்கம் வரம்பு கட்டியது. 1992-ம் ஆண்டில் அதை இன்னும் இறுக்கியது. ஜூன் 1-ந் தேதி முதல் செப்டம்பர் 15-ந் தேதி வரை பங்க்குகளில் கோடைப் பெட்ரோல்தான் விற்க வேண்டும். ஆலைகளும் கிடங்குகளும் மே 1-ந் தேதியே மாறி விட வேண்டும். புகைத் தொல்லை உள்ள பகுதிகளில் 9 பவுண்டு கூடக் கூடாது, 7.8 பவுண்டுதான். கலிபோர்னியா இன்னும் கண்டிப்பு. அங்கே ஏறக்குறைய 7 பவுண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஏப்ரலில் தொடங்கும் கோடைக் கணக்கு, அக்டோபர் முடியும்வரை நீடிக்கும்.

ஆலைகளுக்கு இது பெரிய வேலை. வசந்த காலத்தில் டாங்கிகளில் உள்ள குளிர்காலச் சரக்கை விற்றுத் தீர்க்க வேண்டும். பிறகு பியூட்டேனைக் குறைத்துப் புதுச் சரக்கு செய்ய வேண்டும். மிஞ்சுகிற பியூட்டேனைக் கொட்டி விட முடியுமா? டெக்சாஸ், கன்சாஸ் மாகாணங்களில் பூமிக்கு அடியில் உப்புப் பாறையைக் குடைந்து, பெரிய பெரிய குகைகள் செய்திருக்கிறார்கள். பியூட்டேன் போன்ற சரக்குகளை அங்கே இறக்கிச் சேமிக்கிறார்கள். மழைக் காலத்துக்குக் குதிரில் நெல் சேமிப்பது போல!

மலிவுச் சரக்கு குறைந்ததால் கோடைப் பெட்ரோலின் அடக்க விலை கூடுகிறது. காலனுக்குச் சில சென்ட்டாவது ஏறும். கோடைதான் பள்ளி விடுமுறைக் காலம். எல்லாக் குடும்பங்களும் காரை எடுத்துக் கொண்டு ஊர் சுற்றும் காலம். ஆகவே தேவையும் கூடி, விலை இன்னும் ஏறும். சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் தொழிலாளி வீட்டில் இது பெரிய சுமை. அவர் முணுமுணுப்பதில் நியாயம் உண்டு. ஆனால் பெரிய சாலை ஓரங்களில் குடியிருந்து புகையைச் சுவாசிப்பவர்களிலும் ஏழைகளே அதிகம்.

நெருக்கடி வரும்போது இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறார்கள். 2005-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் காத்ரினா என்ற பயங்கரப் புயல் அடித்தது. வளைகுடாக் கடற்கரையில் இருந்த எண்ணெய் ஆலைகள் நின்று போயின. நாடெங்கும் பெட்ரோல் தட்டுப்பாடு. உடனே அரசாங்கம், செப்டம்பர் 15 வரை காத்திருக்க வேண்டாம், குளிர்காலப் பெட்ரோலை இப்போதே விற்கலாம் என்று அனுமதி கொடுத்தது. பியூட்டேன் சேர்த்தால் பெட்ரோலின் அளவு பெருகும் அல்லவா!

கலிபோர்னியாவில் பெட்ரோல் விலை எக்கச்சக்கமாக ஏறியபோதும் இதே வழியைக் கையாண்டார்கள். 2012, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் அந்த மாகாணத்தின் கவர்னர்கள், குளிர்காலப் பெட்ரோலை முன்கூட்டியே விற்க வழி செய்தார்கள்.

பெட்ரோலே வேண்டாம் என்று மின்சாரக் கார் வாங்கியவர்களையும் குளிர் விட்டு வைக்கவில்லை. என்ஜின் சூடு இல்லாததால், காருக்குள் இருப்பவர்களைச் சூடாக்கவும் பாட்டரியையே நம்ப வேண்டி இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரியில், ஹீட்டரையும் போட்டு ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலுமாக ஓட்டினால், மைல் கணக்கு சுமார் 39 சதவீதம் குறைவு என்று கணக்கிட்டு இருக்கிறார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 16-ந் தேதி முதல், பெரும்பாலான மாகாணங்களில் குளிர்காலப் பெட்ரோல் மெல்ல மெல்ல வந்து சேரும். பங்க்கில் அறிவிப்புப் பலகை எதுவும் இருக்காது. பெயர் அதேதான். குழாயும் அதேதான். நிலத்தடித் தொட்டியில் இருக்கும் பழைய சரக்கின் மேலேயே புதுச் சரக்கை ஊற்றுவார்கள். இரண்டு, மூன்று லாரி வந்து போன பிறகு, தொட்டி முழுவதும் குளிர்காலப் பெட்ரோலாக மாறி இருக்கும். அப்போது மின்னசோட்டாவில் மரங்களின் இலை பழுத்துக் கொண்டு இருக்கும். ஏரி உறைய இன்னும் இரண்டு மாதம் இருக்கும்.